பன்னிரண்டு வோல்ட் பெட்டி

ஜனவரி 8
வானிலை நிலையம்

தம்பிக்கு,

உன் நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கரையிலிருந்து ஆறு மணி நேரப் படகுத் தூரத்தில் ஒரு தீவில் வேலை பார்க்கிறேன். காற்று, மழை, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் பார்த்து எழுதி, ரேடியோவில் கரைக்குப் படிக்க வேண்டும். கூட இருந்த உதவியாளர் குடல்வால் வலி வந்து போன மாதம் கரைக்குப் போனார். அவருக்குப் பதிலாக இன்னும் ஆள் வரவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை படகு வரும். டீசல், சாமான், கடிதம் எல்லாம் அதில்தான். போன் எடுக்காது. ரேடியோவில் சொந்த விஷயம் பேசக்கூடாது.

கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை உப்புக்காற்றில் அரித்துப்போய்விட்டது. ஒரு கருவிக்கு ஐந்து வோல்ட் வேண்டும், ஒன்றுக்கு ஒன்பது, ஒன்றுக்குப் பன்னிரண்டு. புதியது ஆறு மாதத்தில் வரும் என்கிறது தலைமை அலுவலகம். சாமான் அறையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், கரையான் பாதி படித்து முடித்த ஒரு புத்தகம் இருக்கின்றன. வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற பவர் சப்ளை ஒன்றை நானே செய்துகொள்ள முடியுமா? எனக்குப் புரிந்தவரை ஓரத்தில் படம் போட்டிருக்கிறேன்.

யாரிடம் போய் யார் கேட்பது என்று நீ நினைப்பாய். எனக்கு வேறு யாரையும் தெரியாது.

அக்கா


ஜனவரி 20

மதிப்பிற்குரிய வானிலை நிலையப் பொறுப்பாளருக்கு,

உங்கள் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. நான் இப்போது மின்சாதன வேலை செய்வதில்லை. கடையை மூடி மூன்று வருடம் ஆகிறது. ஒரு செருப்புக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன்.

நான் கடைசியாகச் செய்த பவர் சப்ளை என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொன்னவரே நீங்கள்தான். இப்போது என்னிடமே கேட்கிறீர்கள்.

வேறு ஆளைப் பாருங்கள்.

ஒன்று மட்டும். நீங்கள் போட்ட படத்தில் டயோடு ஒன்று தலைகீழாக இருக்கிறது. அப்படியே பிளக்கைச் சொருகினால் புகைதான் வரும். ஜெனரேட்டர் அணைந்திருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள்.


ஜனவரி 30

தம்பிக்கு,

படகு இரண்டு மணி நேரம்தான் நிற்கும். டீசல் பீப்பாய்களை உருட்டி இறக்குகிறார்கள். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ பிறந்தபோது எனக்கு ஆறு வயது. கால்சட்டையின் இரண்டு கால்களையும் ஒரே ஓட்டைக்குள் விட்டுக்கொண்டு தத்தித் தத்தி வருவாய், நான்தான் உருவிச் சரியாக மாட்டிவிடுவேன். பொறுப்பாளர் என்கிறாய். எதற்குப் பொறுப்பு? இங்கே இருப்பது நானும் ஒரு மழைமானியும்.

அப்பாவின் சளி உறிஞ்சும் இயந்திரத்துக்கு அடாப்டர் எரிந்துபோய், நீ ஒரே நாளில் அந்தப் பெட்டியைச் செய்துகொடுத்தாய். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராவது நாள் இயந்திரம் நின்றது, அப்பா போய்விட்டார். அதைப் பற்றி நாம் எழுத வேண்டாம். டயோடு பற்றி மட்டும் எழுதுவோம். நீ சொன்ன டயோடைப் படத்தில் திருப்பிப் போட்டுவிட்டேன். அடுத்து என்ன?

அக்கா


பிப்ரவரி 8

வணக்கம்.

இதோடு ஒரு பொட்டலம் இருக்கிறது. மூன்று கால் ரெகுலேட்டர் ஐந்து (ஒன்று போதும், நாலை நீங்கள் எரிப்பீர்கள்), கெப்பாசிட்டர் நாலு, திருகு குமிழ் இரண்டு, மின்தடைகள், ஓர் அலுமினியத் தகடு, வரைபடம். பழைய கடைச் சாமான்தான், அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். டேப்பைப் பிரிக்க அரை நாள் ஆயிற்று. டேப் கெட்டியாக இருந்தது.

கெப்பாசிட்டரைத் திசை பார்த்து வையுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும், விரலை வைக்காதீர்கள். ரெகுலேட்டரைத் தகடு இல்லாமல் ஓட்டாதீர்கள். உள்ளே இருபத்தைந்து வோல்ட் வந்து வெளியே ஐந்து போனால், மீதி இருபதும் சூடாகத்தான் போகும், எங்கும் மறையாது. அதன் மூன்று கால்களையும் புத்தகத்தைப் பார்த்து வைக்காதீர்கள், நான் போட்ட படத்தைப் பாருங்கள். கரையான் எந்தக் காலைத் தின்றதோ.

இது பாடம் இல்லை. ஒரு தப்பான படத்தைப் பார்த்துவிட்டேன், சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.


மார்ச் 12

தம்பிக்கு,

இரண்டு ரெகுலேட்டரை எரித்துவிட்டேன். நீ கணக்குப் போட்டதில் பாதிதான், அதனால் பெருமைப்படுகிறேன்.

முதல் கெப்பாசிட்டரைத் திசை மாற்றி வைத்தேன். கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டேதான் வைத்தேன், எப்படி என்று கேட்காதே. பட்டாசு மாதிரி வெடித்தது. இடது புருவத்தில் பாதியைக் காணோம். நான் கத்தினேன். கத்திவிட்டு, யாராவது ஓடிவருவார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? தரையில் சிந்திய ஈயம் முழுக்க ஆறிப்போயிருந்தது.

இங்கே மனிதக் குரல் என்றால் ரேடியோவில் எதிர்ப்பக்கம் இருப்பவர் ஒருவர்தான். நான் எண்களைப் படிப்பேன், அவர் "பெறப்பட்டது" என்பார். வேறு ஒரு வார்த்தை வராது. ஒருநாள் கடைசியில் "வணக்கம்" சேர்த்துப் பார்த்தேன். அதற்கும் "பெறப்பட்டது."

மூன்றாவது ரெகுலேட்டர் பிழைத்தது. குமிழைத் திருகினேன். மீட்டர் ஒன்றேகாலில் ஆரம்பித்து இரண்டு, ஐந்து, ஒன்பது என்று என் விரல் போன போக்கில் வந்தது. பன்னிரண்டில் நிறுத்தினேன், நின்றது! அன்றைக்கு ரேடியோவில், "காற்று வடகிழக்கு, மழை இல்லை, பவர் சப்ளை வேலை செய்கிறது" என்று படித்தேன்.

"பெறப்பட்டது."

அதனால் உனக்கும் சொல்கிறேன். பவர் சப்ளை வேலை செய்கிறது.

அக்கா


மார்ச் 22

வணக்கம்.

வேலை செய்கிறது என்று இப்போதே சொல்லாதீர்கள். சும்மா இருக்கும்போது எல்லாப் பவர் சப்ளையும் பன்னிரண்டு காட்டும். சுமை ஏற்றிப் பாருங்கள். படகுக்காரரிடம் பழைய வண்டி முகவிளக்கு பல்பு ஒன்று கேட்டு வாங்கி மாட்டுங்கள். மீட்டர் கீழே விழுந்தால் கெப்பாசிட்டர் போதவில்லை என்று அர்த்தம், பெரியது அனுப்பியிருக்கிறேன். அரை மணி நேரம் பல்பு எரியட்டும். தகட்டில் விரலை வைத்து அஞ்சு எண்ணுங்கள். அஞ்சு வரைக்கும் வைக்க முடியாவிட்டால் தகடு போதாது.

நான் இருக்கும் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே. நாள் முழுக்கத் தரை அதிரும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும்போதுதான் அறை எவ்வளவு சின்னது என்று தெரியும்.

கிடங்கில் நான் முன்பு என்ன தொழில் செய்தேன் என்று யாருக்கும் தெரியாது. போன வாரம் சீட்டு அச்சடிக்கிற இயந்திரம் நின்றுவிட்டது. நிற்கும்போது வந்த சத்தத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் மேற்பார்வையாளருக்கு விசில் என்று பட்டப்பெயர். அவர் என்னைப் பார்த்து, "சும்மா நிக்கிறதுக்கு உனக்கு யாரும் சொல்லித் தரவே வேணாம்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெக்கானிக் வர இரண்டு நாள் ஆயிற்று.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. பல்பை மாட்டிப் பார்த்து, எத்தனை வோல்ட் விழுந்தது என்று எழுதுங்கள்.

புருவம் வளரும்.


ஏப்ரல் 23

தம்பிக்கு,

பல்பை மாட்டியதும் பன்னிரண்டு ஒன்பதரைக்கு விழுந்தது. நீ அனுப்பிய பெரிய கெப்பாசிட்டரை வைத்தேன், பதினொன்று புள்ளி எட்டில் நின்றது. தகட்டில் விரலை வைத்து எட்டு வரை எண்ண முடிந்தது. அப்புறம்தான் ஈரப்பத அளவியை மாட்டினேன். ஒன்பது வோல்ட். பன்னிரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான் செய்த பொருள் ஒன்று, நான் தூங்கும்போதும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் புது அனுபவம்.

நேற்று முன்தினம் காலையில் வந்து பார்த்தால் அளவி செத்துக் கிடக்கிறது. கருகிய வாசனை. மீட்டரை வைத்தேன், இருபத்து மூன்று வோல்ட்! குமிழை லேசாக அழுத்தினால் ஒன்பதுக்கு வருகிறது, விரலை எடுத்தால் இருபத்து மூன்றுக்கு ஏறுகிறது. பிரித்துப் பார்த்தேன். குமிழுக்கு உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

நான் தொடவே இல்லை. தானாக ஏறியிருக்கிறது. அப்படி ஏறுமா?

இப்போது ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பார்த்துத்தான் ஈரப்பதம் எழுதுகிறேன். அதை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். ரேடியோவில் இப்போது வேறு குரல். பழையவர் எங்கே போனார் என்று கேட்டேன். "பெறப்பட்டது" என்றது புதுக் குரல். பழைய குரலுக்கு ஒரு பெயர்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, சிரிக்காதே.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் பிரித்தேன், இடைவேளை முடிந்தும் வேலைக்குத் திரும்பவில்லை, விசில் கத்திக்கொண்டிருக்கிறார். கத்தட்டும்.

ஏறும். தானாக ஏறும். குமிழுக்குள்ளே ஒரு கம்பி நுனி கரித்தடத்தின் மேல் உரசிக்கொண்டு நகரும். அந்த நுனி தடத்தை விட்டு ஒரு மயிரிழை எழும்பினால் போதும், ரெகுலேட்டருக்குக் கீழே பிடிமானம் இல்லாமல் போய்விடும். உள்ளே வருகிற அத்தனை வோல்ட்டும் வெளியே பாயும். கோளாறு வந்தால் மேலே போகிற மாதிரி வரைந்து அனுப்பியிருக்கிறேன். கீழே விழுகிற மாதிரி வரைந்திருக்க வேண்டும். குமிழையும், பக்கத்தில் இருக்கிற நிலையான மின்தடையையும் இடம் மாற்றி, குமிழோடு வரிசையாக ஒரு சின்ன மின்தடையைச் சேர்த்தால் ஆயிற்று. நுனி எழும்பினால் ஒன்றேகாலுக்கு இறங்கிவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. புதுப் படம் பின்பக்கத்தில் இருக்கிறது.

அப்பாவின் பெட்டியையும் உனக்கு அனுப்பிய மாதிரியேதான் செய்திருந்தேன்.

அன்றைக்கு நான் எல்லோரையும் கேட்டேன், "யாராவது குமிழைத் தொட்டீங்களா?" என்று. நீயும் இல்லை என்றாய். மோட்டார் கருகியிருந்தது, வோல்ட் ஏறாமல் அது கருகாது. யாரும் தொடவில்லை என்றால் எப்படி ஏறும் என்று மூன்று வருடமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். செய்தது நான் என்பது தெரியும். எப்படிச் செய்தேன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. நீ அங்கே ஒரு கருவியை எரித்து அதை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாய். என் வரைபடம்தான். வேறு ஒன்றுமில்லை.

சொன்னால் வினோதமாக இருக்கும், நேற்று நன்றாகத் தூங்கினேன். பெட்டி இங்கேதான் இருக்கிறது, அன்றைக்கு யாரோ துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தபடியே. ஒருநாளும் திறந்ததில்லை. இனித் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. சித்திக்கும் மற்றவர்களுக்கும் எழுதப்போகிறேன், நீங்கள் சொன்னது சரிதான், தப்பு இன்ன இடத்தில் இருந்தது என்று. அப்புறமாவது யாருடைய வீட்டுக்காவது போய் உட்கார முடியும் என்று நினைக்கிறேன்.

உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

தம்பி


மே 15

தம்பி,

படகு நிற்கிறது. கடைசிப் பீப்பாய் இறங்கும்வரை காத்திருக்கிறேன் என்று படகுக்காரர் சொல்லியிருக்கிறார்.

சித்திக்கு எழுதாதே. யாருக்கும் எழுதாதே.

குமிழை நான் திருகினேன்.

மத்தியானம் மூன்று மணி. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு கொரகொரவென்று சத்தம். குழாயை வாயில் விட்டேன். இயந்திரம் ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை. அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலு போதவில்லை என்று நினைத்தேன். நீ பன்னிரண்டில் சிவப்பு மையால் கோடு போட்டு, "இதைத் தாண்டக் கூடாது, தாண்டினா மோட்டார் போயிடும்" என்று சொல்லியிருந்தாய். தாண்டினேன். சத்தம் ஏறியது, ஏற ஏற நல்லது என்று நினைத்து இன்னும் திருகினேன். கடைசிவரை. அப்புறம் வாசனை வந்தது, சத்தம் நின்றது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் பிடி தளர்ந்திருந்தது.

வலுவில் குறை இருந்திருக்காது. குழாய் அடைத்திருந்தது. மறுநாள் கழுவும்போது பார்த்தேன். வேறு குழாய் அலமாரியில் இருந்தது.

சித்தி, "என்னடி ஆச்சு?" என்று கேட்டார். "தம்பி செஞ்ச பெட்டியில ஓடிக்கிட்டிருந்துச்சு, எரிஞ்சுபோச்சு" என்றேன். அதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்குள் நீ ஓடிவந்தாய். குமிழைத் தொட்டீங்களா என்று கேட்டாய். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அது பொய்.

அப்புறம் எல்லோரும் உன்னைப் பேசினார்கள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். நீ கடையை மூடினாய், வீட்டை விட்டுப் போனாய். அதன் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. யாரும் வர விரும்பாத இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் படத்தில் குறை இருக்கலாம். அன்றைக்கு நடந்தது அதனால் இல்லை. உன்னை நீயே இப்படிக் குற்றவாளி என்று எழுதிக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கூப்பிடுகிறார்கள்.

அக்கா


ஜூன் 5

தம்பி,

படகில் டீசலும் உருளைக்கிழங்கும் வந்தன. உன் கடிதம் இல்லை. குறை சொல்ல எழுதவில்லை.

அன்றைக்கு வீட்டில் இருந்த ஏழு பேருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன், சித்தியில் ஆரம்பித்து. நான் என்ன செய்தேன், உன்னைப் பற்றி என்ன சொல்லாமல் விட்டேன் என்று. ஒரே கடிதத்தைப் படியெடுத்து அனுப்பவில்லை, ஏழும் ஏழு முறை உட்கார்ந்து எழுதியது. இந்தப் படகில்தான் போகின்றன.

நீ அனுப்பிய புதுப் படத்தின்படி மாற்றிக் கட்டிவிட்டேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே குமிழின் ஒயரை வேண்டுமென்றே வெட்டிப் பார்த்தேன். மீட்டர் ஒன்று புள்ளி மூன்றுக்கு இறங்கியது. திரும்ப ஒட்டினேன், மறுபடி வெட்டினேன், மறுபடி இறங்கியது. அன்று காலை முழுக்க அதையேதான் செய்தேன்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அக்கா


ஜூன் 26, காலை
படகுத்துறை

அக்கா,

துறையில் ஒரு கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே உன் படகில் சாமான் ஏற்றுகிறார்கள்.

உன் கடிதம் வந்த அன்று துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தேன். குமிழ் கடைசிவரை திருகியபடியே இருந்தது, மூன்று வருடமாக அப்படியேதான் இருந்திருக்கிறது. பிளக்கைச் சொருகி மீட்டரை வைத்தேன். பத்தொன்பது வோல்ட். திருப்பினால் ஒழுங்காகப் பன்னிரண்டுக்கு வருகிறது. கம்பி நுனி நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டிக்கு ஒன்றுமே இல்லை, அக்கா. அன்றைக்கே திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீ தலையை ஆட்டினாய் என்பதால் திறக்கவில்லை. நீ பொய் சொல்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சித்தி போன் செய்தார். "உன்னைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேனேடா" என்று அழுதார். பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாதித் தப்பு உன்னுடையது, பாதி என்னுடையது என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. அப்பா விஷயத்தில் எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அந்த அறையில் அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நானாக இருந்தாலும் திருகியிருப்பேன். அதற்குப் பிறகு நீ பேசாமல் இருந்தாயே, அதுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் நீ எழுந்து, பல் தேய்த்து, சொல்லாமல் இருந்திருக்கிறாய். நான் அந்த நேரத்துக்கு அட்டைப்பெட்டிக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆயிரம் நாளுக்கு மேல். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று ஏறுவதாகத்தான் வந்தேன். ஒரு வாரம் விடுப்பு, கையில் பை. படகுக்காரர், "ஏறுறீங்களா, இல்ல வழியனுப்ப வந்தீங்களா?" என்று கேட்டார். வந்து உன் முன்னால் நின்றால் நீ அழுவாய். நீ அழுதால் நான் உன்னைச் சமாதானப்படுத்துவேன். அதற்கு நான் இன்னும் தயாராக இல்லை.

இந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த படகு மூன்று வாரம் கழித்து. அதற்குள் கோபம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தீராவிட்டாலும் ஏறுவேன் என்று நினைக்கிறேன்.

தம்பி